கூலியா, கொடையா?

"நாங்கள் என்ன பாவஞ் செய்தோம்?"

சொந்த மண்ணை விட்டுப் பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களிடையே நாம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. 1990 இல் வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களை விட்டு வந்தவர்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், 2006 இல் சம்பூரை விட்டு ஓடியவர்கள், 2009 இல் வன்னியில் எல்லாவற்றையும் இழந்து முட்கம்பி வேலிக்குள் வந்து சேர்ந்தவர்கள் என எவருடைய நெஞ்சிலும் எழக்கூடிய கேள்விதான். வயலில் நெல் விளைந்து நின்றது, மாடு கட்டையில் நின்றது, கிணற்றில் தண்ணீர் இருந்தது. எல்லாம் ஒரே இரவில் போயிற்று. இது எதற்கான தண்டனை?

இந்தக் கேள்வியோடு கூடவே இன்னொரு கேள்வியும் வரும். "கடவுள் எங்களைத் திரும்பிப் பார்க்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" எத்தனை நாள் உபவாசம் இருக்க வேண்டும், எந்த நேர்த்தி வைக்க வேண்டும், உள்ள பணத்தில் எவ்வளவு காணிக்கை போட வேண்டும் என்று மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

இரண்டு கேள்விகளுக்கும் அடியில் ஒரே எண்ணந்தான் கிடக்கிறது. கடவுள் ஒரு கணக்குப்பிள்ளை. நன்மை செய்தவனுக்குக் கூலி கொடுக்கிறார், தவறியவனுக்குக் கூலியை வெட்டுகிறார் என்பதே அந்த எண்ணம். கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுநாயகமான செய்தி இதற்கு நேர்மாறானது. மீட்பு என்பது கூலியல்ல, அது கொடை. இதனைச் சிலர் கிருபை என்பர், சிலர் அருள் என்பர். இடம்பெயர்ந்து வாழும் ஒரு குடும்பத்துக்கு இந்தச் செய்தியால் என்ன பயன் என்பதைச் சற்று ஆராய்வோம்.

பதிவேடும் அட்டையும்

இடம்பெயர்ந்தவருடைய வாழ்க்கை முழுவதும் தகுதியை நிரூபிக்கும் வாழ்க்கையாகவே கழிகிறது. கிராம அலுவலரிடம் பதிவு இருக்கிறதா? நிவாரண அட்டையில் எத்தனை பேரின் பெயர் உண்டு? காணி உறுதி கையில் இருக்கிறதா, எரிந்துவிட்டதா? பிரதேச செயலகத்துக்கு இந்தக் கடிதம் போதுமா, இன்னொன்று வேண்டுமா? உதவி அளவாக வரும்போது யாருக்கு முதலில் கொடுப்பது என்று வரையறுக்கத்தான் வேண்டும். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆண்டுக்கணக்காக வரிசையில் நின்று பழகிய மனம், கடவுளுடைய வாசலிலும் ஒரு மேசையும் ஒரு பதிவேடும் இருப்பதாக எண்ணிவிடுகிறது. 'எங்கள் பெயர் அதில் இல்லைப் போலும், அதனால்தான் எங்களுக்கு இந்த நிலை' என்று முடிவு கட்டிவிடுகிறது.

இயேசுவிடமும் மக்கள் இதே கணக்கோடு வந்தார்கள் என்று லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் கூறுகிறது. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயர் சிலரைப் பிலாத்து கொலை செய்த செய்தியை அவருக்குத் தெரிவித்தார்கள். கொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவர் அவர்களையே திருப்பிக் கேட்டார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து இறந்த 18 பேரையும் நினைவூட்டினார். இரண்டுக்கும் அவர் சொன்ன விடை ஒன்றே: இல்லை. செத்தவர்களின் பாவத்தை அளப்பதை விட்டு, உயிரோடிருக்கும் ஒவ்வொருவரும் மனந்திரும்பும்படி அழைத்தார். பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோதும் இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றே பதிலளித்தார்.

ஆகவே முதற் கேள்விக்கு விடை தெளிவு. ஊரை இழந்தது தீர்ப்பல்ல. செல் விழுந்த வீட்டுக்காரர் விழாத வீட்டுக்காரரைவிடப் பாவி என்று எவராவது போதித்தால், அவர் இயேசுவின் போதனைக்கு மாறாகவே பேசுகிறார்.

கலாத்தியாவில் எழுந்த சச்சரவு

இரண்டாவது கேள்விக்கு விடை தேட, ஏறத்தாழ 1,950 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். இன்றைய துருக்கி நாட்டின் நடுப்பகுதியில் அக்காலத்தில் கலாத்தியா என்ற உரோம மாகாணம் இருந்தது. அங்கே பவுல் நற்செய்தி அறிவித்துச் சில சபைகளை உண்டாக்கினார். அவற்றில் சேர்ந்தவர்களிற் பலர் யூதரல்லாதவர்கள். பவுல் அவ்விடத்தை விட்டுப் போன பின்னர் வேறு சில போதகர்கள் வந்தார்கள். "நீங்கள் கிறிஸ்துவை ஏற்றது நல்லதுதான், ஆனால் அது போதாது. விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டும், மோசேயின் சட்டத்தைக் கைக்கொள்ள வேண்டும், நாட்களையும் காலங்களையும் அனுசரிக்க வேண்டும். அப்போதுதான் நீங்கள் கடவுளுடைய மக்களாக முழுமை பெறுவீர்கள்" என்பதே அவர்கள் போதனையின் சாரம்.

இதனை அறிந்த பவுல் எழுதியதே கலாத்தியருக்கான திருமுகம். அவர் வழக்கமாகக் கடிதத் தொடக்கத்தில் எழுதும் நன்றியுரை கூட இதில் இல்லை. அவ்வளவு கோபம். வந்த போதகர்கள் கேட்டது ஒரு சிறு சடங்கைத்தானே என்று நாம் எண்ணலாம். பவுல் அப்படி எண்ணவில்லை. கிறிஸ்துவின் சிலுவையோடு இன்னொன்றையும் சேர்த்தால்தான் கடவுள் ஏற்பார் என்றால், சிலுவை அரைகுறையான வேலையாகிவிடும். சட்டத்தினால் நீதிமானாக முடியுமென்றால் கிறிஸ்து இறந்ததற்கே பொருளில்லை என்று அவர் வாதிட்டார்.

இந்தச் சச்சரவு சாப்பாட்டுப் பந்தியிலும் வெளிப்பட்டது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாதவர்களோடு ஒன்றாக அமர்ந்து உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகினார். பவுலின் நெருங்கிய தோழரான பர்னபாவும் அவரோடு விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். ஒரே கொடையைப் பெற்றவர்கள் இரண்டு பந்தியாகப் பிரிந்து உட்காருவது அந்தக் கொடையை மறுப்பதாகும் என்பதே அவருடைய வாதம். பந்தியில் யார் யாரோடு உட்காருவது என்ற கணக்கு நம் ஊர்களிலும் இருந்ததை நாம் அறிவோம். முகாமுக்கு வந்த பின்பும் அந்தக் கணக்கைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் உண்டு.

இதே விடயம் கி.பி. 49 அளவில் எருசலேமில் கூடிய சங்கத்தில் ஆராயப்பட்டது. அங்கே பேதுரு பேசியதை அப்போஸ்தலர் பணிகள் நூல் பதிவு செய்திருக்கிறது. நம் முன்னோராலும் நம்மாலும் சுமக்க முடியாதிருந்த நுகத்தை இவர்கள் கழுத்தில் ஏன் வைக்க வேண்டும் என்று அவர் கேட்டார். நுகத்தின் பாரம் என்னவென்று எருது பூட்டி உழுதவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கிரய உறுதியும் நன்கொடை உறுதியும்

பவுல் தம் வாதத்தை விளக்க ஆபிரகாமை முன்னிறுத்துகிறார். ஆபிரகாம் கடவுளை நம்பினார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் வருகிறது. விருத்தசேதனம் வருவதோ 17ஆம் அதிகாரத்தில். மோசேயின் சட்டம் வந்ததோ வாக்குறுதிக்கு 430 ஆண்டுகளுக்குப் பின்னர் என்று பவுல் கணக்குச் சொல்கிறார். மனிதர் முறைப்படி எழுதி முடித்த ஒரு சாசனத்தையே பிறர் தள்ளிவிடவோ அதில் புதிதாகச் சேர்க்கவோ முடியாதபோது, கடவுள் முன்பே கொடுத்த வாக்குறுதியைப் பின்னர் வந்த சட்டம் எவ்வாறு செல்லாததாக்கும் என்று கேட்கிறார்.

காணி உறுதியின் அருமையை நம் வாசகர்களைப்போல் அறிந்தவர் எவருமில்லை. உறுதிகளில் இரண்டு வகையைப் பாருங்கள். கிரய உறுதியில் வாங்குபவர் இவ்வளவு பணம் கொடுத்தார் என்று எழுதப்படும். நன்கொடை உறுதியிலோ தாயோ தகப்பனோ அன்பின் காரணமாகப் பிள்ளைக்குக் கொடுத்ததாக எழுதப்படும். அங்கே விலையில்லை. பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஏற்றுக்கொண்டேன் என்று ஒப்பமிட வேண்டும். விசுவாசம் என்பது அந்த ஒப்பத்தைப் போன்றது. ஒப்பமிட்டதனால் காணியின் விலையைக் கொடுத்ததாகாது. கை நீட்டிப் பெற்றுக்கொண்டதாகவே ஆகும்.

"அப்படியானால் நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லையா? கைகட்டி இருக்கலாமா?" என்று சிலர் கேட்பர். பவுலிடமும் இதைக் கேட்டார்கள். தகப்பன் நன்கொடையாகக் கொடுத்த காணியை நல்ல பிள்ளை தரிசாக விடுவானா? விடியமுன் எழும்பி மண்வெட்டியோடு போவான். காணியைப் பெறுவதற்காக அவன் கொத்தவில்லை, காணி தன்னுடையது என்பதால் கொத்துகிறான். விளைச்சல் காணியின் விலையல்ல, காணி கிடைத்ததன் பலன். நற்கிரியைகளுக்கும் மீட்புக்கும் உள்ள உறவும் இதுவே. அன்பினால் செயற்படும் விசுவாசமே முக்கியம் என்று பவுல் அதே திருமுகத்தில் எழுதினார். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு கூறியதும் இதற்கு எதிரானதல்ல.

சட்டம் நம் பகைவனா?

இங்கே ஒரு தவறான விளக்கத்தையும் களைய வேண்டும். யூதர்கள் அருளை அறியாதவர்கள், சட்டத்தை மட்டும் நம்பியவர்கள் என்று கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் பேசிவந்தார்கள். அது நீதியான பேச்சல்ல. 1977 இல் அறிஞர் ஈ. பி. சாண்டர்ஸ் வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னர் பல வேத அறிஞர்கள் இதனை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பத்துக் கட்டளைகளின் தொடக்கத்தைப் பாருங்கள். எந்தக் கட்டளைக்கும் முன்னர், எகிப்தின் அடிமை வீட்டிலிருந்து உங்களை வெளியே கொண்டுவந்தவர் நானே என்று கடவுள் தம்மை அறிமுகப்படுத்துகிறார். முதலில் விடுதலை, அதன் பின்னரே கட்டளை. கட்டளைகளைக் கைக்கொண்டதற்குக் கூலியாக விடுதலை கொடுக்கப்படவில்லை.

அந்தச் சட்டம் யாரை நினைத்து எழுதப்பட்டது என்பதையும் பாருங்கள். அறுவடையின்போது வயல் ஓரத்தை முற்றாக அரியக்கூடாது, சிந்திய கதிரை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமம் கூறுகிறது. நாட்கூலிக்காரனுக்குச் சூரியன் மறையமுன் கூலி கொடுக்க வேண்டும் என்று உபாகமம் கூறுகிறது. பஞ்சத்தினால் பெயர்ந்த குடும்பத்தின் மருமகளான மோவாபியப் பெண் ரூத், பெத்லகேமில் பிறர் வயலில் வாற்கோதுமைக் கதிர் பொறுக்கிப் பிழைத்தது இந்த ஏற்பாட்டினால்தான். முதற்பலனைக் கொண்டுவரும் கமக்காரன், தன் மூதாதை அலைந்து திரிந்த ஓர் ஆரமேயன் என்று அறிக்கையிட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. இடம்பெயர்வின் நினைவு அவர்களுடைய வழிபாட்டிலேயே வைக்கப்பட்டிருந்தது.

சட்டம் வழிகாட்டும். ஆனால் அதையே ஏணியாக்கிக் கடவுளிடம் ஏற நினைப்பதும், அந்த ஏணியின் மேற்படியில் நின்று கீழே நிற்பவரை இகழ்வதுமே பிழை.

சந்தியில் நின்ற கூலியாட்கள்

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையை இடம்பெயர்ந்த கமக்காரர் தங்கள் கதையாகவே படிக்கலாம். திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் கூலியாட்களை அமர்த்துகிறார். ஒன்பது மணி, பன்னிரண்டு மணி, மூன்று மணி அளவில் மீண்டும் போய் ஆட்களை அழைத்து வருகிறார். பின்னேரம் ஐந்து மணியளவிலும் சந்தை வெளியில் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன விடையைக் கவனியுங்கள். அவர்கள் சோம்பேறிகளல்லர். அவர்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை.

சொந்தக் காணியில் பத்துப் பேருக்கு வேலை கொடுத்தவர், இன்று வேற்றூர்ச் சந்தியில் மண்வெட்டியோடு நின்று, வெயில் ஏறும்வரை ஒருவரும் கூப்பிடாமல் வெறுங்கையோடு திரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த வெறுங்கையின் வெட்கம் பசியைவிடக் கொடியது.

பொழுதுபட்டதும் தோட்டக்காரர் கடைசியில் வந்தவர்களில் தொடங்கி எல்லாருக்கும் ஒரே வெள்ளிக்காசைக் கொடுத்தார். அக்காலத்தில் அது ஒரு நாட்கூலி. விடியலில் வந்தவர்கள் முறுமுறுத்தார்கள். அவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு சதமும் குறையவில்லை. மற்றவருக்கு நிறையக் கிடைத்ததே அவர்களுடைய குறை. ஐந்து மணிக்கு வந்தவர் வீட்டிலும் பிள்ளைகள் அன்றிரவு சாப்பிட வேண்டும். தோட்டக்காரர் வேலை நேரத்தை மட்டும் அளந்து கொடுக்காமல் அதையும் பார்த்தார். கடவுளின் அரசு இதைப் போன்றது என்றார் இயேசு.

பழைய வழக்கு ஒன்று முடிவுக்கு வருகிறது

கூலியா கொடையா என்ற கேள்வி திருச்சபையையே இரண்டாகப் பிளந்ததுண்டு. 1517 இல் ஜேர்மனியின் விற்றன்பேர்க் நகரில் மார்ட்டின் லூதர் என்ற துறவி, பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்து 95 கூற்றுக்களை வெளியிட்டார். பாவத்துக்குரிய தண்டனையைப் பணங்கொடுத்துக் குறைக்கலாம் என்று ஏழைகளை நம்பவைத்த வியாபாரம் அது. கிடைத்த பணத்தில் ஒரு பங்கு உரோமையில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டுவதற்குப் போயிற்று. லூதர் துறவியாக உபவாசமிருந்து உடலை வருத்தியும் மனச் சமாதானம் காணாதவர். பவுலின் திருமுகங்களிலே அவர் விடை கண்டார். சண்டை வளர்ந்து இரு பகுதியும் ஒன்றையொன்று கண்டனம் செய்தன.

அந்தப் பிணக்கில் ஒரு பெரிய முடிச்சு 1999 ஒக்டோபர் 31 அன்று அவிழ்ந்தது. ஜேர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்க திருச்சபையும் உலக லூதரன் சம்மேளனமும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் ஒப்பமிட்டன. நம்முடைய எந்தத் தகுதியையும் பார்த்தல்ல, கிறிஸ்துவின் மீட்புப் பணியில் வைக்கும் விசுவாசத்தில், அருளினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்த அருளே நற்கிரியைகளுக்கு நம்மை ஆயத்தப்படுத்துகிறது என்பதே அதன் சாரம். உலக மெதடிஸ்த மன்றம் 2006 இல் அதனோடு இணைந்தது. சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் 2017 இல் இணைந்தது. ஆகவே இந்த விடயத்தில் அடுத்த குடிசைக்காரர் எந்தச் சபை என்று பார்த்துச் சண்டையிட நமக்கு இனிக் காரணமில்லை.

காணி கேட்பது அவிசுவாசமா?

அருளைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். "எல்லாம் கடவுளின் கிருபை, இருப்பதைக்கொண்டு திருப்தியாயிருங்கள், காணியைக் கேட்டு அலையாதீர்கள்" என்று சிலர் உபதேசிப்பர். இது அருளைத் தவறான இடத்தில் வைப்பதாகும். மீட்பு கடவுளின் கொடை. ஆனால் உங்கள் காணி எந்த அதிகாரியின் கொடையுமல்ல, அது உங்கள் உரிமை. செய்த வேலைக்குக் கூலி முதலாளியின் தயவல்ல, அது உங்களுக்குச் சேர வேண்டியது. வயலை அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று கண்டித்தவர் அதே யாக்கோபுதான். கடவுளிடம் கணக்குக் காட்ட வேண்டியதில்லை, மனிதரிடம் கணக்குக் கேட்காமல் விடவும் கூடாது. கடவுள் நம்மைப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார் என்று அறிந்தவர், அலுவலக மேசையின் முன்னால் தலைநிமிர்ந்து நிற்பார்.

அதே வேளையில் அருளை விற்பவர்களையும் இனங்காண வேண்டும். காணிக்கை போடுங்கள், பத்து மடங்காகத் திரும்பும் என்று சொல்லி, இருக்கும் கொஞ்சத்தையும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பழைய சீட்டு வியாபாரத்தையே செய்கிறார்கள். செபக் கூட்டத்துக்கு வந்தால்தான் அரிசி என்று சொல்லும் திருச்சபைப் பணியாளரும் அதே பிழையைத்தான் செய்கிறார். நேர்த்தி வைப்பதும் நன்றியாக இருந்தால் நல்லது, பேரமாக இருந்தால் ஆகாது.

கொடை பெற்றவர் கை

எருசலேமில் பவுலும் மற்ற அப்போஸ்தலரும் உடன்பட்டுக் கைகொடுத்துப் பிரிந்தபோது, ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டார்கள்: ஏழைகளை நினைத்துக்கொள்ள வேண்டும். பவுல் அதை மறக்கவில்லை. மக்கெதோனியா, அக்காயா சபைகளில் பணம் சேர்த்து எருசலேமில் வறுமைப்பட்டோருக்குக் கொண்டுபோனார். மக்கெதோனியர் தாமே கொடிய வறுமையில் இருந்தவர்கள். ஆயினும் தங்கள் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்தார்கள். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் இந்தச் சேகரிப்பைக் குறிக்கப் பவுல் வழங்கிய கிரேக்கச் சொல் 'காரிஸ்'. அருளுக்கு அவர் வழங்கியதும் அதே சொல்தான். மேலிருந்து வந்த கொடை பக்கத்து வீட்டுக்குப் போகும்போதும் அவருக்கு அதன் பெயர் மாறவில்லை.

இடம்பெயர்ந்தவர்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்று வெளியார் எண்ணுவர். நாம் கண்டது வேறு. உலர் உணவு வந்த நாளில், பதிவில்லாத குடும்பத்துக்கு ஒரு சுண்டு அரிசி அளந்து கொடுக்கிறார்கள். திரும்பிப்போன காணியில் முதல் விளைச்சல் கண்டவர், அயலவருக்கு விதைநெல் கொடுக்கிறார். ஒருவர் கிணற்றை நால்வர் சேர்ந்து இறைத்துத் துப்புரவாக்குகிறார்கள். இவை மோட்சத்துக்குப் போடும் சேமிப்பல்ல. முன்பே பெற்றுக்கொண்டவர்கள் கொடுப்பவை.

குழுக்களாகக் கூடிப் பேசுவதற்குச் சில வினாக்கள்:

1. நம்மிடையே யாரையாவது 'பாவத்தின் பலனை அனுபவிக்கிறார்' என்று ஒதுக்கி வைத்திருக்கிறோமா? அவரிடம் யார் போய்ப் பேசலாம்?

2. உதவிப் பொருட்களைப் பங்கிடும்போது, பிந்தி வந்த குடும்பங்களையும் பதிவில்லாதவர்களையும் எப்படிக் கவனிக்கிறோம்?

3. கடவுளின் கொடையாக நாம் ஏற்க வேண்டியது எது, உரிமையாக நாம் கேட்டுப் பெற வேண்டியது எது? இரண்டையும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். இரண்டாவது பட்டியலைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை பிரதேச செயலகத்துக்குப் போகும்போது அது தேவைப்படும்.